பத்து ஆண்டு நிறையப்போகும் குடும்பக் கார்: புதுப்பிப்பதா, ஒப்படைப்பதா?

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஓடும் டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் 1.6 காரின் வாகன உரிமைச் சான்றிதழ் (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் பெறும் பத்து ஆண்டு உரிமை) இன்னும் பத்து மாதங்களில் காலாவதியாகிறது. புதிதாக வாங்கிய நாள் முதல் நாங்களே ஓட்டிவரும் கார் இது. ஓடிய தூரம் ஏறத்தாழ 130,000 கிலோமீட்டர். கடன் அடைந்துவிட்டது, பெரிய விபத்து எதுவும் நேர்ந்ததில்லை. முதல் ஐந்து ஆண்டுகள் விற்பனையாளரின் பட்டறையிலும் அதன்பின் அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலும் பராமரிப்பு செய்துவந்திருக்கிறோம்.

கார் எங்களுக்கு ஆடம்பரத்திற்காக அன்று. நான் துவாஸில் முறைமாற்றுப் பணி பார்க்கிறேன்; இரவுப் பணி முடிந்து பொதுப் போக்குவரத்தில் ஈசூன் திரும்புவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். மகன் தொடக்கநிலை இரண்டிலும் மகள் பாலர் பள்ளியிலும் படிக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதால் கூ டெக் புவாட் மருத்துவமனைக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்காக அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. வாடகைக் காரை அழைத்தால் மழை நேரத்தில் கட்டணம் ஏறிவிடுகிறது. வந்தாலும், அம்மா மெல்ல ஏறி அமரும் வரை பொறுமையாகக் காத்திருக்கும் ஓட்டுநர் எல்லா நேரமும் வாய்ப்பதில்லை.

என் கேள்விகள் இவை. சான்றிதழை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பதா, பத்து ஆண்டுகளுக்கா, அல்லது காரை ஒப்படைத்துவிட்டுப் புதியது வாங்குவதா? புதுப்பித்தால், பத்து வயதைத் தாண்டிய காரில் என்னென்ன செலவுகளை எதிர்பார்க்க வேண்டும்? முடிவெடுக்கும் முன் காரில் எவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்? ஒரு பட்டறையில் கேட்டபோது, காரைப் பாராமலேயே "இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார்கள். ஒரு விற்பனைக் கூடத்தில் கேட்டபோது, அங்கும் காரைப் பாராமலேயே "இனி செலவு வைத்துக்கொண்டே இருக்கும்" என்றார்கள். அனுபவமும் கணக்கும் தெரிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம். காரின் நிலையைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் பணக் கணக்கை மட்டும் எழுதுகிறேன். பலர் இந்தக் கணக்கைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள்.

முதலில், புதுப்பிக்கும்போது நீங்கள் ஏலத்தில் கலந்துகொள்வதில்லை. முந்தைய மூன்று மாதங்களில் உங்கள் பிரிவில் நடந்த ஏலங்களின் சராசரியை, அதாவது பிகியூபி என்று எல்லோரும் சொல்லும் தொகையைக் கட்ட வேண்டும். உங்கள் கார் சிறிய கார்களுக்குரிய ஏ பிரிவைச் சேர்ந்தது. பத்து ஆண்டுகளுக்கு முழுத்தொகை, ஐந்து ஆண்டுகளுக்குப் பாதித்தொகை. ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தால் அது முடியும்போது காரைக் கட்டாயம் பதிவுநீக்கம் செய்ய வேண்டும். மறுபடியும் நீட்டிக்க வழியில்லை. பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தால் அதன்பிறகும் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இடையில் விட்டுவிட நினைத்தால் மீதமுள்ள மாதங்களுக்கான தொகை கணக்கிட்டுத் திருப்பித் தரப்படும்.

இரண்டாவது, புதுப்பித்த அன்றே பார்ஃப் கழிவை, அதாவது பத்து வயதுக்குள் பதிவுநீக்கம் செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகையை, நீங்கள் இழக்கிறீர்கள். உங்கள் கார் பதிவான காலத்து விதிப்படி, ஒன்பது முதல் பத்து வயதுக்குள் பதிவுநீக்கம் செய்தால் அப்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 50 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். அந்தக் கட்டணம் 18,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் இழப்பது 9,000 வெள்ளி. உங்கள் காருக்கு உரிய சரியான தொகையை ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று பிகியூபி 100,000 வெள்ளி எனக் கொள்வோம். ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டுவது 50,000. இழக்கும் கழிவு 9,000. ஆக 59,000 வெள்ளியை அறுபது மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 983 வெள்ளி. பத்து ஆண்டுகள் என்றால் 109,000 வெள்ளியை நூற்றிருபது மாதங்களுக்குப் பிரிக்க, மாதம் ஏறத்தாழ 908 வெள்ளி வரும். இவற்றோடு சாலை வரியின் மிகைக்கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். 1.6 லிட்டர் பெட்ரோல் காருக்கு ஆண்டுச் சாலை வரி ஏறத்தாழ 742 வெள்ளி. பத்து வயதைத் தாண்டிய முதல் ஆண்டில் அதன்மேல் 10 விழுக்காடு, அடுத்த ஆண்டு 20 என்று ஏறி, 50 விழுக்காட்டில் நின்றுவிடும். ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து இந்தக் கூடுதல் சுமை 1,113 வெள்ளிதான். இதற்காகவே புதுப்பிக்கப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அஞ்ச வேண்டிய தொகை இது அன்று.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். புதிய கார் வாங்கினாலும் சான்றிதழுக்குப் பணம் கட்டத்தான் போகிறீர்கள். அந்தத் தொகையும் நீங்கள் கட்டும் பிகியூபிக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே பத்து ஆண்டுப் புதுப்பிப்புக்கும் புதிய காருக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு சான்றிதழில் இல்லை, காரின் சொந்த விலையில் இருக்கிறது. சந்தை மதிப்பு 20,000 வெள்ளி உள்ள ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 20 விழுக்காடு தீர்வை 4,000 வெள்ளி, இரண்டுக்கும் சேர்த்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி 2,160 வெள்ளி, கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000 வெள்ளி, பதிவுக் கட்டணம் 350 வெள்ளி. விற்பனையாளரின் இலாபத்தையும் கடன் வட்டியையும் சேர்க்கும் முன்பே 46,510 வெள்ளி ஆகிவிடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து அதில் ஒரு பகுதி கழிவாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கழிவின் விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. 2023 பிப்ரவரியில் அதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வைத்தார்கள். ஆகவே புதிய கார் பதிவாகும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதை வைத்தே கணக்கிட வேண்டும்.

எனவே கேள்வி இப்படி மாறுகிறது: அடுத்த பத்து ஆண்டுகளில் உங்கள் பழைய காரைப் பழுதுபார்க்க ஆகும் செலவு, மேற்சொன்ன தொகையைவிடக் குறைவாக இருக்குமா? பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் கியர்பாக்ஸ் ஒருமுறை கைவிட்டால் கணக்கு மாறிவிடும் என்பதால், காரின் நிலையை அறியாமல் இதில் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது.

சான்றிதழ் விலை இறங்கும் என்று காத்திருக்கலாமா என்றும் நீங்கள் யோசிக்கக்கூடும். 1990இல் இந்த முறை வந்த பிறகு, 2008 நவம்பரில் ஏ பிரிவு விலை 2 வெள்ளிக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் 106,000 வெள்ளிக்கு ஏறியது. இதை முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. பிகியூபி மூன்று மாதச் சராசரி என்பதால், நடப்பு ஏலங்களைக் கவனித்தாலே அடுத்த மாதத்துத் தொகை ஏறுமா இறங்குமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். அந்த அளவுக்குக் கவனித்தால் போதும்.


சின்மிங் பெரியவர் எழுதியது:

தம்பி, வணக்கம். நான் சின் மிங் பகுதியில் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலில் நெடுங்காலம் இருந்து இப்போது ஓய்வுபெற்றிருக்கிறேன். காரைப் பாராமலேயே நன்றாக இருக்கிறது என்று சொன்ன பட்டறையையும், பாராமலேயே மோசம் என்று சொன்ன விற்பனைக் கூடத்தையும் ஒருசேர மறந்துவிடுங்கள். கணக்குப்பிள்ளை எழுதிய கணக்கு சரியானது. அந்தக் கணக்கு நிற்பதும் விழுவதும் காரின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

பலரும் என்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உங்கள் காரில் உள்ள என்ஜின், எண்ணெய் ஒழுங்காக மாற்றப்பட்டிருந்தால், 130,000 கிலோமீட்டரில் களைத்துப்போகும் வகை அன்று. அதில் டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலிதான். குறிப்பிட்ட தூரத்தில் கட்டாயம் மாற்ற வேண்டும் என்ற செலவும் இல்லை. நான் முதலில் பார்ப்பது கியர்பாக்ஸை. உங்களுடையது சிவிடி வகை. உள்ளே உலோகப் பட்டை ஒன்று இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடுகிறது. அந்தப் பட்டை வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்கு அதற்கென்றே உரிய எண்ணெய் வேண்டும். "வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை" என்று சொல்லி அந்த எண்ணெயை ஒருமுறைகூட மாற்றாமல் விட்ட கார்கள் நிறைய வந்ததைக் கண்டிருக்கிறேன். நம் ஊர் வெயிலும், நின்று நின்று நகரும் நெரிசலும் அந்த எண்ணெயை விரைவில் கெடுத்துவிடும். பழைய பராமரிப்பு ரசீதுகளை எடுத்து, அது எப்போது மாற்றப்பட்டது என்று பாருங்கள். எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்த்தால், கருத்துக் கருகல் வாடை அடிக்கிறதா என்பது தெரியும். மெதுவாக வேகமெடுக்கும்போது, மணிக்கு 20 முதல் 40 கிலோமீட்டருக்குள், கார் உதறுகிறதா என்று கவனியுங்கள். உதறல் இருந்தால், புதுப்பிக்கும் முடிவை அங்கேயே நிறுத்திவிட்டு, அதன் காரணத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவதாக, என்ஜினைக் குளிர்விக்கும் நீரோட்டம். உங்கள் காரில் உள்ள கூலன்ட் இளஞ்சிவப்பு நிறமுடையது. வாட்டர் பம்ப் கசியத் தொடங்கினால் தரையில் ஒழுகுவதற்கு முன்பே, பம்பைச் சுற்றி அந்த நீர் காய்ந்து, உப்புப் பூத்ததுபோல இளஞ்சிவப்புப் பொருக்காக ஒட்டியிருக்கும். கையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தால், பெல்ட் ஓடும் பக்கமாகக் குனிந்து நீங்களே அதைப் பார்த்துவிடலாம். ரேடியேட்டரின் மேல்பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. பத்து ஆண்டு வெப்பத்தில் அது பழுப்பேறி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கூலன்ட் தொட்டியில் நீர்மட்டம் மாதந்தோறும் குறைகிறதென்றால், நீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே போகாதீர்கள். எங்கே போகிறது என்று கேளுங்கள். சூடேறி வளைந்த என்ஜின் தலைப்பகுதியைச் சரிசெய்ய ஆகும் பணத்தில் ஒரு சிறு பகுதியே பம்புக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து ஆகும்.

மூன்றாவது குளிர்சாதனம். இங்கே அது ஆண்டு முழுவதும் ஓடுவதால், வேறு ஊர்களில் பதினைந்து ஆண்டு தாங்கும் கூலிங் காயில் இங்கே அதற்கு முன்பே கசிந்துவிடலாம். அதை மாற்ற டாஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கூலி அதிகம். ஓடும்போது குளிராக இருந்து, நிற்கும்போது வெதுவெதுப்பாகிறதா என்று பாருங்கள். நண்பகலில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும்போது அது தானாகத் தெரிந்துவிடும். நின்றால் மட்டும் குளிர் குறைகிறது என்றால் விசிறி, கண்டென்சர், கேஸ் அளவு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் கேஸ் மட்டும் நிரப்பித் தருகிற பட்டறையை விட்டுவிடுங்கள், தம்பி. கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் அன்று. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள்.

அதன்பின் ரப்பர் பாகங்கள். என்ஜின் மவுண்டிங், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் புஷ், அப்சார்பரின் மேல் மவுண்டிங் எல்லாமே ஓடிய தூரத்தைவிட வயதால்தான் கெடுகின்றன. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் அதிர்வு தெரிந்தால், பெரும்பாலும் மவுண்டிங்தான். உங்கள் புளோக்கின் பல மாடி கார் நிறுத்துமிடமே இதற்கெல்லாம் நல்ல சோதனைக்கூடம். வானொலியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியபடி சாய்தளத்தில் மெதுவாக ஏறுங்கள். டக் டக் என்று தாளம் தப்பாமல் ஓசை வந்தால் அது டிரைவ் ஷாஃப்ட். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரே ஒரு தட்டல் கேட்டால் புஷ் அல்லது அப்சார்பர். விரைவுச்சாலையில் வேகம் கூடக் கூட ரீங்காரமும் கூடினால் சக்கர பேரிங் அல்லது தேய்ந்த டயர். இவை எவையும் காரைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால், நீங்கள் முதன்முதலில் ஓட்டிய கார் திரும்பி வந்ததுபோல் இருக்கும்.

ஒரு சோதனைக்கூடத்தில் பணம் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் அது பழுதுபார்த்துச் சம்பாதிக்கும் இடமாக இருக்க வேண்டாம். காரை முந்தைய இரவே அங்கே விட்டுவிடுங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது முதலில் கிளப்பும் அந்தச் சில விநாடிகளில் வரும் சத்தத்தையும் புகையையும், ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய காரில் காண முடியாது.


ஈசூன்வாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் எண்ணெய் 80,000 கிலோமீட்டரை ஒட்டி ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. அதன்பின் மாற்றியதற்கான ரசீது இல்லை. கார் நிறுத்துமிடத்தின் சாய்தளத்தில் ஓட்டிப் பார்த்ததில் டக் டக் ஓசை வரவில்லை. வேகத்தடையில் முன்பக்க இடப்புறம் ஒரு தட்டல் கேட்கிறது. கூலன்ட் மட்டம் குறையவில்லை. நின்றால் குளிர் சற்றுக் குறைகிறது.

அன்றாடம் இத்தகைய பழைய காரைக் குடும்பத்துடன் வைத்து ஓட்டுபவர்கள் யாராவது தங்கள் நடைமுறையை எழுதினால் உதவியாக இருக்கும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் பழுதுபார்த்தால் பாதிச் செலவில் முடியும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா?


தெம்பனிஸ் அகிலா எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். எங்கள் கார் பத்து வயதைக் கடந்து பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. என் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார்; இரண்டு பிள்ளைகளும் எங்களுடன் வருவார்கள். உங்கள் நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது. பழைய கார் நம்பகமானதாக இருப்பது பெரிய பழுதுகளைச் சரிசெய்வதைவிட, சிறிய வேலைகளைத் தள்ளிப்போடாமல் செய்வதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வெப்பத்தில் அது இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்துவிடுகிறது. அது சாகும் வரை காத்திருக்கிறவர்கள், மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் முதியவரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு இழுவை வண்டிக்குக் காத்திருக்க நேரும். நான் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு பராமரிப்பின்போதும் அதைச் சோதிக்கச் சொல்கிறேன். பலவீனம் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுகிறேன். காலையில் கிளப்பும்போது வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாக இழுக்கிறது என்றாலே அது முன்னறிவிப்புதான்.

டயரில் பள்ளம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்று இருந்தால் அது 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளத்தின் சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், ஆனால் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் அந்த ஆழத்தை நம்பி ஓட்ட எனக்கு மனம் வராது. அந்தப் பருவம் தொடங்கும் முன்பே டயரையும் வைப்பர் ரப்பரையும் பார்த்துவிடுவேன். வெயிலில் நிற்கும் காரில் வைப்பர் ரப்பர் ஓராண்டுக்கு மேல் நன்றாகத் துடைப்பதில்லை. காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவின்படி வையுங்கள். அம்மாவும் பிள்ளைகளும் பெட்டிகளுமாக நெடும்பயணம் போகும்போது, முழுச் சுமைக்கென்று குறித்த அளவு அங்கே இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

என்ஜின் எண்ணெயைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் மாற்றாதீர்கள். பாலர் பள்ளி, சந்தை, மருத்துவமனை என்று நீங்கள் செய்யும் குறும்பயணங்களில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைந்துவிடுகிறது; அது எண்ணெய்க்கு நெடும்பயணத்தைவிடக் கடுமையானது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முன்னே வருகிறதோ அதைக் கணக்கில் கொள்ளுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; இதைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் குளிர்சாதன வடிகட்டியைப் புகைமூட்டக் காலத்திற்குப் பிறகு நீங்களே எடுத்துப் பாருங்கள். அதை மாற்றுவதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை.

பத்து வயதுக்குப் பிறகு வாகனப் பரிசோதனை ஈராண்டுக்கு ஒருமுறை என்பது மாறி ஆண்டுதோறும் வரும். அதை ஒரு தொல்லையாக நான் கருதுவதில்லை. பிரேக்கையும் புகையையும் வேறொருவர் அளந்து எழுதித் தருகிற அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி, முந்தைய ஆண்டோடு ஒப்பிடுகிறேன். காப்புறுதியில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பத்து வயதைத் தாண்டிய கார்களுக்கு முழுக் காப்புறுதி தருவதற்குச் சில நிறுவனங்கள் தயங்குகின்றன, அல்லது நாம் ஏற்க வேண்டிய தொகையை உயர்த்துகின்றன. சான்றிதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே காப்புறுதி விலையைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்கு விபத்துக் கோரிக்கை இல்லாத சலுகை 50 விழுக்காடு வரை வந்திருக்கும். அது கார் மாறினாலும் உங்களோடு வரும். சிறு உரசல் என்றாலும் 24 மணி நேரத்திற்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். தவறினால் அந்தச் சலுகையே பாதிக்கப்படலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, புதிய காருக்குக் கட்டியிருக்க வேண்டிய தவணையிலிருந்து ஒரு சிறு பகுதியை ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கில் போட்டுவருகிறேன். பழுதுச் செலவு வரும்போது அது அந்தக் கணக்கிலிருந்து போகிறது. வீட்டுச் செலவில் கைவைக்க வேண்டியிருப்பதில்லை.

இன்னொன்று. 1.35 மீட்டர் உயரத்திற்குக் குறைவான பிள்ளைகளுக்கு உரிய இருக்கை கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பிள்ளை இருக்கைகளும் அம்மாவும் ஒரே பின்வரிசையில் என்றால் அவர் கால்களை நீட்ட இடமிருக்காது. முன்னிருக்கையை முழுவதும் பின்னே தள்ளி, முதுகைச் சற்றுச் சாய்த்து, அவரை அதில் பக்கவாட்டாக அமரச் செய்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஆல்டிஸின் இருக்கை தாழ்வானது. ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டால் முழங்கால் வலிப்பவர்களுக்கு ஏறி இறங்கச் சிரமம் குறையும். அம்மாவின் வசதிக்காக உயரமான கார் வேண்டும் என்று நினைத்தால், புதிதாக வாங்குவதற்கு அது ஒன்றுதான் எனக்கு ஏற்புடைய காரணமாகத் தெரிகிறது.


உட்லண்ட்ஸ் நண்பன் எழுதியது:

ஜோகூரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டயர், பேட்டரி, பிரேக் பேட், எண்ணெய் மாற்றம், அப்சார்பர் ஆகியவற்றை அங்கே செய்துகொள்வதில் தவறில்லை, நானும் செய்கிறேன். பாகத்தின் பெட்டியை உங்கள் முன்னிலையில் பிரிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கியர்பாக்ஸ், மின்சுற்று, கூலிங் காயில் போன்றவற்றை இங்கேயே செய்வது நல்லது. அங்குள்ள ஒரு பட்டறையில் குளிர்சாதனம் பழுதுபார்த்த பிறகு, மறுபடியும் கசிந்தபோது உத்தரவாதத்தைக் காட்டிப் பலமுறை கடற்பாலம் தாண்ட வேண்டியதாயிற்று. விடுப்பும் பெட்ரோலும் சேர்ந்து, மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டன.

சிங்கப்பூரிலிருந்து வெளியேறும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வெளிநாட்டு வாகனங்களுக்கான மலேசிய நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. அது இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். உதவித்தொகை பெற்ற ரான் 95 பெட்ரோலை நமது கார்களுக்கு அங்கே நிரப்பக்கூடாது. ரான் 97தான் நிரப்ப வேண்டும். இங்கே 95 பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசு தீர்வை இருப்பதால் அங்கே மலிவாகத் தெரியும். ஆனால் பெட்ரோலுக்காக மட்டும் வரிசையில் நிற்பது குடும்பஸ்தருக்குக் கட்டுப்படியாகாது.


சின்மிங் பெரியவர் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நம்பிக்கையூட்டுவதாகவே இருக்கிறது. முன் இடப்புறத் தட்டல் பெரும்பாலும் கீழ்க்கை புஷ்ஷாகவோ ஸ்டெபிலைசர் லிங்க்காகவோ இருக்கும். இரண்டும் சிறு செலவுதான். கியர்பாக்ஸ் எண்ணெயை இப்போதே மாற்றிவிடுங்கள், சான்றிதழ் முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் காருக்கு உரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். "எல்லா சிவிடிக்கும் பொருந்தும்" என்று தருவதை ஏற்காதீர்கள். மாற்றியபின் இரண்டு மூன்று மாதங்கள் துவாஸுக்கும் வீட்டுக்குமாக ஓட்டிப் பார்த்து உதறல் எதுவும் இல்லையென்றால் கியர்பாக்ஸை நம்பலாம்.

குளிர்சாதனத்தில் முதலில் விசிறியையும் கண்டென்சரில் அடைந்துள்ள தூசியையும் பார்க்கச் சொல்லுங்கள். கூலிங் காயில்தான் கசிகிறது என்று தெரிந்தால், கார் ஓடுவதற்கு அதனால் தடை இல்லை என்பதால், அதையும் ரப்பர் பாகங்களையும் சான்றிதழைப் புதுப்பித்த பிறகு ஒரே தடவையில் செய்துகொள்ளுங்கள். விட்டுவிடப்போகும் காருக்கு அந்தச் செலவைச் செய்வானேன்?

ஐந்தா பத்தா என்றால், கியர்பாக்ஸ் சரியாக இருக்கும் பட்சத்தில் நான் பத்து என்றே சொல்வேன். இடையில் வேண்டாம் என்றால் மீதித்தொகை திரும்பி வரும் என்று கணக்குப்பிள்ளை எழுதியிருக்கிறார். ஐந்து எடுத்துவிட்டு, அதன் முடிவில் கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைக்கக் கொடுத்த வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது அவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை. கையில் அவ்வளவு பணம் இல்லையென்றாலோ, ஐந்து ஆண்டுகளில் அம்மாவுக்காக உயரமான கார் வாங்குவது உறுதி என்றாலோ மட்டும் ஐந்து எடுங்கள்.

சோதனைக்குக் கொடுக்கும்போது, காரைத் தூக்கியபின் உங்களையும் அடியில் நின்று பார்க்க அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அனுமதிக்காத இடம் வேண்டாம். அறிக்கை வந்ததும் இங்கே எழுதுங்கள்; எதை இப்போது செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.